கூடிப் படிக்கையில் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்துள்ள வ. புதுப்பட்டியில் பெண்கள் சிலர் ஒரு வீட்டின் முன்கூடத்தில் கூடி நூல்களைப் படித்து வருகின்றனர். அவர்கள் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யை எடுத்துக்கொண்டபோது நாமும் உடனிருந்தோம். ஆண்டாளின் திருவில்லிபுத்தூரை அண்டைநகராகக் கொண்ட பகுதி அது. ஒரு பெண் தன் உள்ளத்தைத் திறந்து எழுதுவது அங்கே புதுமையன்று. எழுதியவர் முஸ்லிம் பெண் என்பதில்தான் தயக்கம் இருந்தது. அத்தயக்கமும் முஸ்லிம் சகோதரிகளிடமே மிகுந்திருந்தது.

நம் வீட்டு விவகாரங்களைப் பிறர் முன்னிலையில் விரிப்பானேன், மார்க்கத்தை இழித்துரைப்போருக்கு இது வாய்ப்பாகிவிடாதா என்று அவர்கள் கேட்டனர். காலச்சுவடு பதிப்பகம் 2004இல் இப்புதினத்தை வெளியிட்ட நாளிலிருந்தே நம்மிடையே உலவும் வினா இது. எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயின் இதற்கு விடை, நூலை மூடிவைப்பதில் இல்லை. அதை நம் மார்க்க அறிவோடு படிப்பதில்தான் உள்ளது எனக் கருதுகிறோம்.

பிர்தவ்ஸின் கதையையே எடுத்துக்கொள்வோம். செல்வம் கருதி மணமுடிக்கப்பட்ட அவள், கணவனின் தோற்றம் பிடிக்காமல் அவனோடு வாழ மறுத்துத் தாய்வீடு திரும்புகிறாள். ஊர் அவளைப் பெருங்குற்றம் புரிந்தவளாக நோக்குகிறது. பின்னர் அண்டை வீட்டு இந்து ஆடவனோடு அவளுக்கு ஏற்படும் உறவும், பெற்ற தாய் கையாலேயே வரும் நஞ்சும் நாம் அறிந்தவை. அவ்வுறவை மார்க்கம் ஏற்காது, நஞ்சையும் ஏற்காது. ஆனால் தொடக்கத்தில் அவள் செய்தது என்ன? தாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, கணவரின் ஒழுக்கத்திலோ மார்க்கப் பற்றிலோ தமக்குக் குறையில்லை, எனினும் அவரோடு வாழ இயலாது என்று முறையிட்டதை ஸஹீஹுல் புகாரீ பதிவு செய்கிறது. கணவரின் தோற்றத்தை அவர் வெறுத்ததாக இப்னு மாஜாவின் அறிவிப்பு கூறும். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்து, மணவிலக்குக்கு வழி செய்தார்கள் நபியவர்கள். குல்உ எனும் இவ்வுரிமைக்கு அல்பகரா அத்தியாயத்தின் 229ஆம் வசனம் அடிப்படை. மதீனாவில் கேட்டுப் பெறப்பட்ட உரிமை, துவரங்குறிச்சியை ஒத்த இப்புதினத்தின் ஊரில் மானக்கேடாகிவிட்டது!

இச்செய்தியை எடுத்துரைத்தபோது கூடத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. ஓதத் தெரிந்த பெண்களுள் பலர் அதுவரை இதனைக் கேள்விப்பட்டதில்லை. புதினத்தின் ஆழ்ந்த துயரமும் இதுவேயாகும். இப்பெண்களைக் கட்டுவது மார்க்கச் சட்டம் என்று அவர்களே நம்புகின்றனர். அஃது ஊர் வழக்கம் என்பதை எடுத்துச் சொல்ல அவர்களிடையே ஒருவருமில்லை. பருவமெய்தும் முன்பே பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவோர்க்கு யார் சொல்வார்? ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்களைப் பெற்ற சமுதாயம் இது. சல்மாவின் பள்ளிப்படிப்பே சுமார் பதின்மூன்று வயதில் முடிந்துபோனது. வழக்கத்துக்கும் ஷரீஅத்துக்கும் உள்ள இவ்விடைவெளியை ஆசிரியர் எங்கும் சுட்டிக்காட்டவில்லை. அதைக் குறையென்போர் உளர். சிறுமி ராபியாவின் கண்களுக்குத் தெரியாத ஒன்றைக் கதை எவ்வாறு காட்டும் என்பதே எமது வினா.

குறைகள் இல்லாமலில்லை. பாத்திரங்கள் மிகப் பலர். உறவுமுறை விளங்காமல் வட்டத்தில் ஒருவர் தாளில் குடும்பப் படம் வரைந்துகொள்ள நேர்ந்தது. சில பகுதிகள் நீளமானவை.

எனினும் இந்நெரிசலுக்கு ஒரு பயன் உண்டு. 'முஸ்லிம் பெண்' எனும் ஒற்றை உருவம் அதில் கரைந்துவிடுகிறது. வஹிதாவும் பிர்தவ்ஸும் ஒரே துயரத்தின் இரு பெயர்கள் அல்லர். இரவில் கூடி ஆண்களைக் கேலிசெய்து நகைக்கும் பெண்களும் இங்கே உள்ளனர்; பிற பெண்களைக் காவல் காப்பதில் ஆண்களை விஞ்சுவோரும் உள்ளனர். உழைக்கும் இந்துப் பெண்ணான மாரியாயியோடு வீட்டு ஆண் ஒருவர் கொண்ட உறவை ஊர் அறிந்தும் அறியாததுபோல் இருக்கிறது. இந்து ஆடவனோடு பாத்திமா சென்றுவிட்டபோதோ அவளுடைய தாய் நூரம்மா ஊர்விலக்குக்கு ஆளாகிறாள். இவ்விரு அளவுகோல்களை முதலில் சுட்டியவர் வட்டத்திலிருந்த ஓர் இந்து சகோதரி. தம் தெருவிலும் இதே கணக்குத்தான் என்றார் அவர். 'அயலார்' குறித்து நம்மவர் கொண்டிருந்த அச்சம் அந்த இடத்தில் சற்றுத் தளர்ந்ததைக் கண்டோம்.

வட்டம் அடுத்துப் படிக்க விரும்புவது நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் வெளியிட்ட 'காதலா? கடமையா?'. மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே பயின்ற அவருடைய நூலுக்கு உ. வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கியிருக்கிறார். பிரதி கிடைக்கவில்லை, ஒளிநகல் ஒன்றை அனுப்பிவைப்பதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறோம்.