பாப்பாவுக்கு எந்த லென்ஸ்?

ஏதாவது ஒரு கேமரா கடைக்குப் போய், 'பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்கு முதல் கேமரா வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் பெண்ணைப் பார்க்க மாட்டார். உங்கள் சட்டைப்பையைப் பார்ப்பார்.

'பாப்பாவுக்குத்தானே சார்? டபுள் ஜூம் கிட் எடுத்துக்குங்க. பதினெட்டு - ஐம்பத்தஞ்சு ஒண்ணு, ஐம்பத்தஞ்சு - எரநூத்தம்பது ஒண்ணு. ரெண்டு லென்ஸ்ல உலகமே கவர் ஆயிடும். பேக் ஃப்ரீ, கார்டு ஃப்ரீ!'

உலகம் நிஜமாகவே கவர் ஆகிறதா என்பதுதான் இந்த வார விசாரணை.

கேட்டவர் கீழ்பென்னாத்தூர்க்காரர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற சாலையில் இருக்கிற ஊர். பஸ்ஸில் கண்ணயர்ந்தால் தாண்டிவிடும். மேற்கே அண்ணாமலையார் மலை தெரியும். பெண் இரண்டு வருஷமாக அம்மாவின் மொபைலில் கண்டதையும் படம் எடுத்துத் தள்ளுகிறாளாம். கையில் இருப்பது மல்லாட்டை விற்ற காசு. 'மறுபடி வாங்க முடியாது. ஒரே தடவைதான். எதை வாங்குவது?' என்று கேட்கிறார். இதற்கு மாடல் நம்பரில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஆறு மாசத்தில் அந்த நம்பர் மாறிவிடும், கேள்வி மாறாது. அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

முதலில் மெகாபிக்ஸல். இதை வைத்துப் பயமுறுத்துகிறவர்களிடம் ஒரு கணக்கு கேளுங்கள். 12க்கு 8 இஞ்ச் அளவில், சுவரில் மாட்டுகிற தரத்தில் ஒரு பிரிண்ட் போட, ஒரு இஞ்ச்சுக்கு 300 புள்ளி வேண்டும். 3600 பெருக்கல் 2400. ஏறக்குறைய 86 லட்சம் புள்ளி, அதாவது 8.6 மெகாபிக்ஸல். பத்து வருஷத்துக்கு முன் வந்த மட்டமான எஸ்.எல்.ஆரிலும் இதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. ஆகவே 24-ஆ 32-ஆ என்று தூக்கம் கெட வேண்டாம்.

பார்க்க வேண்டிய எண் வேறு. லென்ஸின் நெற்றியில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். கிட் லென்ஸில் 3.5-5.6 என்று இருக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை எடுத்தால் 1.8 என்று இருக்கும். இது கண்மணி எவ்வளவு விரியும் என்பதற்கான எண். சின்ன எண் என்றால் பெரிய கண்மணி. 5.6-க்கும் 1.8-க்கும் வித்தியாசம் மூன்று மடங்குதானே என்று நினைப்பீர்கள். இல்லை, வர்க்கம் போடவேண்டும். உள்ளே நுழைகிற வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு.

இதன் அர்த்தம் என்ன? சாயங்காலம் வீட்டுக்குள் ஒரு ட்யூப்லைட் எரிகிறது. பாட்டி முறத்தில் அரிசி புடைக்கிறார். டபுள் ஜூம் கிட்டை நீட்டினால் கேமரா, 'ஒரு செகண்டில் 15-ல் ஒரு பங்கு திறந்து வைக்கிறேன்' என்கிறது. பாட்டியின் கை அதற்குள் முறத்தோடு மேலே போய்க் கீழே வந்துவிடும். கிடைப்பது பாட்டி அல்ல, புகை. அதே இடத்தில் 1.8 லென்ஸ் இருந்தால் 125-ல் ஒரு பங்கே தாராளம். முறம் நிற்கும், அரிசி அந்தரத்தில் நிற்கும்.

நம் வாழ்க்கையில் பாதிக்கு மேல் வெளிச்சம் குறைந்த இடங்களில்தான் நடக்கிறது. திண்ணை, அடுக்களை, விடியற்காலை பஸ் ஸ்டாண்டு, கோயில் பிராகாரம், கல்யாண வீட்டுப் பின்கட்டு. இதை எல்லாம் கவர் பண்ணாத லென்ஸ் எந்த உலகத்தைக் கவர் பண்ணுகிறது என்று கடைக்காரரைக் கேட்கலாம்.

இனி திருவண்ணாமலைக்கே வருவோம். 1950 ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களில், ஆசிரமத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். பெயர் ஹென்றி கார்த்தியே-ப்ரஸ்ஸோன். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய புகைப்படக்காரர் யார் என்று சண்டை வந்தால் பட்டியலில் கட்டாயம் இருப்பவர். 1948 ஜனவரியில் காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்னால் அவரைச் சந்தித்துத் தன் படங்களைக் காட்டிவிட்டு வந்தவர். ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் மறைந்தபோது வானத்தில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலைப்பக்கம் போனதைப் பார்த்தேன், உடனே கடிகாரத்தையும் பார்த்தேன் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். ஆன்மிகத்தை விடுங்கள். அன்றைக்கு அவர் கையில் இருந்த சாமானைப் பார்ப்போம்.

ஒரு சின்ன லைக்கா. பெரும்பாலும் அதில் ஒரே லென்ஸ், 50 மில்லிமீட்டர். ஜூம் கிடையாது. கேமராவின் வெள்ளிப் பளபளப்பு கண்ணில் படக்கூடாது என்று கறுப்பு டேப் ஒட்டிவைத்திருப்பார். சிறுவயதில் அவரிடம் இருந்தது பாக்ஸ் பிரௌனி. பெயருக்கேற்ற பெட்டி. லைக்கா வாங்கியது 1932-ல். அதற்குப் பிறகு நாற்பது வருஷம், இரண்டு மூன்று கண்டங்கள், ஏகப்பட்ட புரட்சிகள். லென்ஸ் மட்டும் அநேகமாக அதேதான்.

அவர் மேதை, நமக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். மேதையாக இருந்ததால் 50 போதும் என்று இருந்தாரா, 50 மட்டும் வைத்துக்கொண்டதால் கண் கூர்மையானதா என்பது கோழி - முட்டை விவகாரம். ஆனால் ஒன்று நிச்சயம். ஜூம் இல்லாதவன் நடக்கவேண்டும். முகம் பெரிதாக வேண்டுமானால் கிட்டே போகவேண்டும். கிட்டே போனால், 'யாரும்மா நீ, யார் வீட்டுப் பொண்ணு?' என்று எதிராளி கேட்பார். பதில் சொல்லவேண்டும். படம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதற்கு எதிர்த்திசையில் எடுத்த படங்களுக்குத் திருவண்ணாமலையில் பஞ்சமே இல்லை. கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பார்க்கலாம். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்துக்கொண்டு, சாலையின் அந்தப் பக்கம் நின்று, இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற சாமியாரைச் 'சுடுகிறார்கள்'. கிடைக்கிற படம் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். தாடி, விபூதி, சுருக்கம், பின்னால் மங்கலாகக் கரைந்துபோன உலகம். படம் டெக்னிக்கலாக சுத்தம். ஆனால் அந்த மனுஷன் எங்கே உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் யார், தட்டில் என்ன விழுந்தது, ஒன்றும் தெரியாது. ஊரைக் கழித்துவிட்டு முகத்தை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு போவதுதான் அந்த லென்ஸின் வேலை. உள்ளூர்ப் பெண் ஒருத்தி தன் ஊரையே டூரிஸ்ட் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்ள அப்பா காசு கொடுக்க வேண்டுமா?

எதிர் உதாரணமும் அங்கேயே இருக்கிறது. ரமணர் படங்களில் பலவற்றை எடுத்தவர் டி.என்.கிருஷ்ணஸ்வாமி. தொழில் டாக்டர். புகைப்படத்தில் அமெச்சூர். அவரால் அவ்வளவு எடுக்க முடிந்ததற்குக் காரணம் உபகரணம் அல்ல. திரும்பத் திரும்ப வந்தார், பழகியவர் என்பதால் கேமரா யாரையும் உறுத்தவில்லை. நம் காலத்தில் மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம்.பழனி குமாரைச் சொல்லலாம். மீன் விற்ற தன் அம்மாவைப் படமெடுத்தார், துப்புரவுத் தொழிலாளர்களைப் படமெடுத்தார். 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது வாங்கினார். இப்போது அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் கேமரா பிடிக்கச் சொல்லித் தருகிறார். அந்தப் படங்களில் இருக்கிற நெருக்கத்தை எந்த ஜூமும் கொடுக்காது.

'அப்ப தீபத்தை எப்படி சார் எடுக்கிறது?' நியாயமான கேள்வி. கார்த்திகை தீபத்தன்று 2668 அடி உயரத்தில் கொப்பரையில் நெருப்பு ஏறுகிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பார்த்தால் அது ஒரு புள்ளி. 250-ல் எடுத்தாலும் கொஞ்சம் பெரிய புள்ளி. அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் புள்ளியை எடுக்க ஆயிரக்கணக்கான கேமராக்கள் தயாராக நிற்கும். நம் பெண் எடுத்தால் ஆயிரத்தோராவது. ஆனால் மலையில் தீபம் தெரிந்த அந்த நிமிஷம் அவள் தெருவில் நடப்பதை வேறு யாரும் எடுக்கப்போவதில்லை. எல்லோரும் மேற்கே திரும்பிக் கும்பிடுகிறார்கள். வாசலில் அகல் வரிசை ஏறுகிறது. அந்த மஞ்சள் வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடிக்கிறது. அதைப் பிடிக்க ட்ரைபாட் வேண்டாம், ஃப்ளாஷ் கூடவே கூடாது. 1.8 லென்ஸும், தெருவில் எல்லோரும் அவளை அறிந்திருப்பதும் போதும்.

சரி, கடைக்குப் போவோம். இனி வருவது மளிகை லிஸ்ட் மாதிரி. கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று. மொபைல் போதாதா? பகல் வெளிச்சத்தில் போதும். ஆனால் மொபைலுக்குள் இருக்கிற சென்சார் விரல் நகம் சைஸ். எஸ்.எல்.ஆரில் இருப்பது தபால்தலை சைஸ். தவிர, மொபைல் உங்களைக் கேட்காமலே முகத்துக்கு மாவு பூசி, வானத்துக்கு நீலம் அடித்துக் கொடுக்கிறது. எதனால் படம் நன்றாக வந்தது என்று தெரியாமலே போய்விடும். கற்றுக்கொள்கிறவளுக்குத் தப்பு கண்ணில் படவேண்டும்.

இரண்டு. செகண்ட் ஹேண்ட் வாங்குங்கள். கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் சாய்ந்துவிட்டதால் பழைய எஸ்.எல்.ஆர்கள் சந்தையில் குவிகின்றன. கெட்டுப்போனதால் விற்பவர்களைவிட, புதுசு வந்ததால் விற்பவர்கள் அதிகம். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். ஆரம்பநிலை மாடல்கள் பொதுவாக ஒரு லட்சம் கிளிக் அளவுக்குச் செய்யப்பட்டவை. முப்பதாயிரத்துக்குள் இருந்தால் பாப்பா காலேஜ் முடிக்கும்வரை ஓடும். லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மூன்று. ஒரு கண்ணி. நிக்கானில் டி3000, டி5000 வரிசை மாடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிற பழைய 'டி' ரக 50 லென்ஸை அதில் மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்பவேண்டும். ஏ.எஃப்-எஸ் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கேனான் இ.எஃப் லென்ஸ்களில் இந்தத் தொல்லை இல்லை.

நான்கு. இந்த ரக கேமராக்களில் சென்சார் சின்னது என்பதால் 50 மில்லிமீட்டர், 75 அல்லது 80 மாதிரி நடந்துகொள்ளும். முகத்துக்குப் பிரமாதம். பத்துக்குப் பத்து அறையில் எடுக்கச் சுவரில் முதுகு இடிக்கும். கார்த்தியே-ப்ரஸ்ஸோன் பார்த்த பார்வை வேண்டுமானால் 35 வாங்கவேண்டும். அது 50-ஐவிடக் கொஞ்சம் விலை கூடுதல்.

ஐந்து. இதற்கு முன் ஒரு பைசா செலவில்லாத பரீட்சை. கேமராவோடு வருகிற 18-55 லென்ஸை ஒதுக்கவேண்டாம். 217 அடி ராஜகோபுரத்தைக் கிட்டே நின்று எடுக்க அந்த 18 வேண்டும். அதன் ஜூம் வளையத்தை 35-ல் நிறுத்தி, மேலே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு மாசம் பிரிக்கக்கூடாது. மாசக் கடைசியில் அவள், 'இருட்டுலதாம்ப்பா கஷ்டமா இருக்கு' என்றால் 35 வாங்கிக் கொடுங்கள். 'முகம் கிட்ட வரமாட்டேங்குது' என்றால் 50. 'குருவி எட்டமாட்டேங்குது' என்றால், கடைக்காரர் சொன்ன அந்த 55-250-ஐ மன்னித்து வாங்கலாம். பறவைக்கும் கபடிக்கும் அதுதான் வேண்டும். எதை வாங்குவது என்று அவள் சொல்லவேண்டும், கடைக்காரர் அல்ல.

ஆறு. கேமராவைத் தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். பூஞ்சைக்கு அதைவிட நல்ல ஹாஸ்டல் கிடையாது. மூடி இறுகுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். அதைவிட நல்ல மருந்து, தினமும் வெளியே எடுப்பது.

டபுள் ஜூம் கிட்டுக்கு பதில் இப்படிப் பழசாக வாங்கினால் கணிசமாக மிஞ்சும். அதை ட்ரைபாட், ஃபில்டர் என்று கரைக்காமல் இரண்டு கணக்கில் போடுங்கள். ஒன்று பஸ் சார்ஜ். செஞ்சிக் கோட்டை ஒரு பக்கம், திருவண்ணாமலை ஒரு பக்கம். இதைவிட நல்ல ஸ்டுடியோ எந்த நகரத்துப் பிள்ளைக்கும் வாய்க்காது. இன்னொன்று பிரிண்ட். மாசம் பத்துப் படம். ஸ்கிரீனில் தள்ளிவிட்டுப் போகிற படத்தில் தப்பு தெரியாது, சுவரில் ஒரு வாரம் இருந்தால் தானாகவே உறுத்த ஆரம்பிக்கும்.

பிரிண்டில் ஒரு காப்பி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். அது படத்தில் இருக்கிறவருக்கு. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாவைப் படமெடுத்து, அடுத்த வாரம் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால், மூன்றாவது வாரம் அவர் தன் வீட்டுக்கே கூப்பிடுவார். பேரன் பேத்திகளை வரிசையாக நிற்கவைத்து, 'இவனையும் எடும்மா, கண்ண மூடிட்டான், இன்னொண்ணு எடு' என்பார்.