நிறுத்தத் தெரிந்தவர்கள்

ஒரு மென்பொருளின் வெளியீட்டுத் திட்டம் கைக்கு வந்தால், எந்தெந்த நாளில் எதையெதை நிறுத்துகிறார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். அந்தக் கண்ணோடு பார்த்தால் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் 13-ஆம் வெளியீட்டுக்காகப் போட்ட அட்டவணை அபாரம். 2025 மார்ச் 15 முதல், பல பொதிகளை (தனித்தனி மென்பொருள் கட்டுகளை) ஒருசேர அசைக்கும் பெரிய மாற்றங்கள் கூடாது. ஏப்ரல் 15 முதல் சின்னத் திருத்தங்கள் மட்டும். புதிய பொதிக்கு இடமில்லை. மே 15 முதல், முக்கியப் பொதிகளும் தானியங்கிச் சோதனை இல்லாத பொதிகளும் ஆள் பார்த்து அனுமதித்தால்தான் நுழையலாம். ஜூலை 27 முதல் எதுவானாலும் அனுமதி வேண்டும். ஆகஸ்ட் 9 அன்று வெளியீடு.

ஏன் இத்தனை படி? ஒரே நாளில் கதவைச் சாத்துவதாக அறிவித்தால், முந்தைய வாரம் எல்லோரும் கையில் இருப்பதையெல்லாம் உள்ளே திணிப்பார்கள். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர் பதம் வரும் முன்பே தீயைத் தணித்துவிடுவார்; வந்தபின் தணித்தால் இருக்கிற சூடே பாகை முறுக்கிவிடும். டெபியன்காரர்களின் கைப்பக்குவமும் இதுதான்.

டெபியனில் முதலாளி கிடையாது. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள் ஆளுக்குச் சில பொதிகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். 'வெள்ளிக்கிழமைக்குள் முடி' என்று அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது. வெளியீட்டுக் குழுவின் கையில் இருப்பது வாசல் மட்டும். புதிய பதிப்பு முதலில் 'சிட்' என்னும் நிலையற்ற கிளைக்குப் போகும். வெளியீடுகளுக்கு 'டாய் ஸ்டோரி' பாத்திரங்களின் பெயரை வைப்பது வழக்கம். தொடக்கத்தில் திட்டத்தை நடத்திய புரூஸ் பெரன்ஸ் அப்போது அந்தப் படத்தை எடுத்த பிக்சாரில் வேலை பார்த்தார். சிட், படத்தில் பொம்மைகளை உடைத்து விளையாடும் பக்கத்து வீட்டுப் பையன். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. புதிய பதிப்பு அந்தக் கிளையில் சில நாள் கிடந்து, புதிதாகக் கடுமையான வழு எதையும் கொண்டுவராமல், மற்ற பொதிகளையும் முறிக்காமல் இருந்தால், 'பிரிட்னி' என்ற நிரல் அதை 'டெஸ்டிங்' கிளைக்குத் தள்ளும். அடுத்த வெளியீடு உருவாவது அங்கேதான். அங்கே போனபின் கடுமையான வழு தெரியவந்து நெடுநாள் யாரும் கவனிக்காவிட்டால், முக்கியப் பொதி அல்லாதது தானாகவே வெளியேற்றப்படும். யாரையும் திட்டவோ கெஞ்சவோ வேண்டியதில்லை. பொதியைக் காப்பாற்ற நினைப்பவர் வழுவைத் திருத்திக்கொண்டு வருவார்.

டெபியன் 13-இல் இருப்பவை 69,830 பொதிகள். புதிதாக வந்தவை 14,100-க்கு மேல். காலாவதியென்று நீக்கியவை 8,840-க்கு மேல். வெளியீட்டு அறிவிப்பில் நான் நின்று படித்தது இந்தக் கடைசி எண்ணை.

இந்தப் பக்குவம் பிறவியிலேயே வந்ததல்ல. டெபியனின் 'வுடி' வெளியானது 2002 ஜூலையில். அடுத்த 'சார்ஜ்' வந்தது 2005 ஜூனில். நிறுவும் நிரலையே புதிதாக எழுதி முடிக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, திட்டத்தின் கொள்கை ஆவணமான சமூக ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பற்றிய வாக்கெடுப்பு வேறு. எப்போது வரும் என்று கேட்டால் 'தயாரானதும் வரும்' என்பார்கள். மூன்று ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் அந்தப் பதில் கேலிப்பொருளாகிவிட்டது. 2007-இல் வந்த 'எட்ச்' முதல் 2025 வரை, ஒற்றைப்படை ஆண்டு ஒன்றுகூடத் தப்பவில்லை. பழைய பதிலை அவர்கள் கைவிட்டுவிடவும் இல்லை. மாற்றங்களை நிறுத்தும் உறைவுக்குத்தான் தேதியை நெடுநாள் முன்னதாகக் குறிக்கிறார்கள். வெளியீட்டு நாளோ, கடுமையான வழுக்கள் கண்ணுக்குத் தெரியக் குறைந்த கட்டத்தில்தான் முடிவாகும். தேதிக்கும் தரத்துக்கும் நடக்கும் பழைய சண்டையை இதைவிட அழகாகத் தீர்த்த திட்டம் எதையும் நான் பார்த்ததில்லை.

வெளியான பின்னும் கை அடக்கம்தான். பாதுகாப்புப் பிழை தெரியவந்தால் புதிய பதிப்பைக் கொண்டுவருவதில்லை. திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பில் தைக்கிறார்கள். இது எல்லோருக்கும் பிடிக்காது. எக்ஸ்ஸ்க்ரீன்சேவர் என்னும் திரைகாப்பு நிரலை எழுதிய ஜேமி ஜவின்ஸ்கிக்கு, என்றோ சரிசெய்துவிட்ட வழுக்களைப் பற்றியே டெபியன் பயனர்களிடமிருந்து புகார் வந்துகொண்டிருந்தது. 'இது மிகப் பழைய பதிப்பு' என்று திரையில் எச்சரிக்கும்படி தன் நிரலிலேயே எழுதிவைத்தார். 2016-இல் அந்த எச்சரிக்கை டெபியனில் சர்ச்சையாக வெடித்தபோது, தன் மென்பொருளைத் தருவதையே நிறுத்திவிடச் சொன்னார். அவர் கோபம் நியாயமானதே. ஆனால் ஒரு சர்வரை ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவருக்கு வேண்டியது, நேற்று நடந்தபடி இன்றும் நடப்பது. தெரிந்த வழுவைச் சமாளித்துக்கொள்வார். புதிய வசதியோடு வந்திறங்கும் தெரியாத வழுதான் அவர் தூக்கத்தைக் கெடுக்கும். இந்த வழக்கில் நான் டெபியன் பக்கம்.

தைக்க முடியாத துணியும் உண்டு. உலாவிகள் அத்தனை வேகமாக மாறுவதால் பழையதில் ஒட்டுப்போட்டு மாளாது. எனவே பயர்பாக்ஸுக்கு விதியைத் தளர்த்தி, நிலையான வெளியீட்டிலும் புதிய பதிப்பை அனுமதிக்கிறார்கள். அதிலும் அவர்கள் எடுத்துக்கொள்வது மொசில்லாவின் நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்பைத்தான்.