சும்மா கெடக்கிற காடு

‘சும்மாதானே கெடக்கு.’ மலேசியாவின் சரவாக்கில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் பரவியதற்குப் பின்னாலுள்ள அரசுச் சொல்லாடலை இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். பழங்குடிகளின் மரபு நிலத்தைப் ‘பயன்படாத நிலம்’ என்று பெயரிட்ட பிறகுதான் புல்டோசர் வரும்.

இபான் மக்களிடம் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. பயிரிட்டபின் மண் தேறட்டும் என்று விட்டுவைப்பது ‘தெமுடா’. வேட்டைக்கும் பிரம்புக்குமாக வெட்டாமல் காப்பது ‘புலாவ் கலாவ்’. ஆறு, இடுகாடு எல்லாம் சேர்ந்த ஊரின் ஆட்சிப்பரப்பு ‘பெமாக்காய் மெனோவா’.

1958 நிலச்சட்டம் மரபுரிமைக்குச் சொல்லும் முதல் வழி எது? அந்த ஆண்டு ஜனவரி 1க்கு முன் கன்னிக்காட்டை வெட்டிக் குடியேறியிருக்க வேண்டும். பழமரம், இடுகாடு என்று வேறு வழிகளும் உண்டுதான். ஆனால் வெட்டாமல் காத்தது அங்கே உழைப்பாக எண்ணப்படவில்லை. வெட்டினவனுக்கு நிலம், காத்தவனுக்கு?

2001இல் ரூமா நோர் நெடுவீட்டு மக்கள், காகிதக்கூழ் மரத்தோட்டத்துக்கு எதிரான வழக்கில் தாங்களே தயாரித்த வரைபடத்தை உயர் நீதிமன்றத்தில் வைத்து வென்றார்கள். அதே ஆண்டு, உரிமம் இல்லாமல் நிலம் அளப்பதைத் தடுக்கும் சட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தது. 2005இல் மேல்முறையீட்டில் சாட்சியம் போதாதென்று தீர்ப்பு திருப்பப்பட்டது. 2016இல் இன்னொரு வழக்கில், புலாவுக்கும் பெமாக்காய் மெனோவாவுக்கும் சட்ட வலு இல்லை என்றது கூட்டரசு நீதிமன்றம். எதிர்ப்புக்குப் பின் 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆட்சிப்பரப்புக்கு 1000 ஹெக்டேர் உச்சவரம்பு. தோட்டங்களோ இன்று 15 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டன.

தொண்ணூறுகளின் ‘கொன்செப் பாரு’ திட்டம் மக்களைப் ‘பங்காளி’ என்றது. பங்கு எப்படி? கம்பெனிக்கு 60 விழுக்காடு, அரசு நிறுவனத்துக்கு 10, நிலக்காரர்களுக்கு 30. குத்தகை 60 ஆண்டு. கையெழுத்துப் போட்டவரின் பேரன்தான் நிலத்தைத் திரும்பப் பார்க்க முடியும்.

இங்கே நம்மையும் விமர்சித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சூழலியல் சுவரொட்டிகளின் ‘கன்னிக்காட்டில்’ மனிதர் இருப்பதில்லை. நிலச்சட்டத்தின் கன்னிக்காடும் அதுவேதான். ஒருவர் காப்பாற்றவும் மற்றவர் விற்கவும் அதே வெற்றிடத்தைக் கட்டமைக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புத் தடைச் சட்டத்துக்கும் ஒரு தேதி உண்டு: 2020 டிசம்பர் 31. அதற்கு முன் அழித்த காட்டில் விளைந்த பனையெண்ணெய்க்கு அந்தத் தடை இல்லை. கம்பெனி, வெட்டவில்லை என்று காட்ட வேண்டும். இபான், வெட்டினேன் என்று காட்ட வேண்டும். நிலவுரிமைக்கோ, விளைவிக்கும் நாட்டின் சட்டமே அங்கும் அளவுகோல். அதாவது புலாவை யாருடையதும் அல்ல என்று சொல்லக்கூடிய அதே சட்டம்.

‘எவ்வளவு காடு மிஞ்சியிருக்கு?’ என்பது மட்டும் நம் கேள்வியாக இருந்தால் போதாது. ‘யாரோட காடு, அதை எந்த மொழியில எழுதினா செல்லும்?’ என்றும் கேட்டாக வேண்டும்.