கவியரங்கமும் கேட்போர் செவியும்

சென்னை மாநகரில் கவியரங்குகளுக்குப் பஞ்சமில்லை. மீலாது விழா, நூல் வெளியீடு, கல்லூரி ஆண்டு விழா, சமுதாய அமைப்புகளின் மாநாடு என எந்த நிகழ்ச்சியாயினும் அழைப்பிதழில் கவியரங்கத்திற்கென ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. கவிதையை அறவே மறந்துவிட்ட சமுதாயங்களை நோக்க, இது நாம் மகிழத்தக்க நிலையே. ஆயினும், அரங்குகள் பெருகியதுபோல் நினைவில் நிற்கும் கவிதைகள் பெருகினவா என்று வினவினால், விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. குறையைக் கவிஞர்கள்மீது சுமத்துவது எளிது. நம் கருத்தில், குறையின் பெரும்பகுதி கேட்போராகிய நம்மிடமே உள்ளது.

இன்று நாம் காணும் கவியரங்கம், கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வானொலியும் அரசியல் மேடைகளும் வளர்த்தெடுத்த வடிவம். பொதுத் தலைப்பு ஒன்று வகுக்கப்படும்; அதன் கிளைகள் கவிஞர்களுக்குப் பங்கிடப்படும்; தலைமைக் கவிஞர் ஒவ்வொருவரையும் கவிதையாலேயே அறிமுகம் செய்து அழைப்பார். இவ்வமைப்பில் இயல்பாகவே தவறேதும் இல்லை. தவறு நடைமுறையில் நுழைந்தது. வந்த கவிஞர் தமக்குரிய நேரத்தின் முற்பகுதியைத் தலைவரையும் புரவலரையும் போற்றுவதில் செலவிடுகிறார். தலைவரின் பெயரைப் பிரித்துப் பொருள் காட்டுகிறார், சிலேடை பொழிகிறார். அவை ஆரவாரிக்கிறது. எவ்விடத்தில் கைத்தட்டல் எழும் என்பதை அறிந்துகொண்ட கவிஞர், அடுத்த கவிதையை அவ்விடத்தை நோக்கியே எழுதத் தொடங்குகிறார். கவிதையின் ஏனைய வரிகள் அந்த ஓரிடத்திற்கு ஏறிச் செல்லும் படிகளாகச் சுருங்கிவிடுகின்றன.

அரங்கில் கவிதை படிப்பது நம் மரபில் இவ்வளவு எளிய செயலாக இருந்ததில்லை. இஸ்லாத்திற்கு முந்திய அரபகத்தில், தாயிஃபுக்கு அருகே உகாழ்ச் சந்தையில் கவிஞர்கள் கூடுவர். அங்கே நாபிகா அத்துப்யானீ என்னும் முதுபெரும் கவிஞருக்குச் செந்நிறத் தோல் கூடாரம் அமைக்கப்படும். அவர் அமர்ந்து கவிதைகளைக் கேட்டுத் தீர்ப்புக் கூறுவார். ஒருமுறை இளைஞரான ஹஸ்ஸான் இப்னு ஸாபித் அவர் முன் பாடினார் என்றும், தம் குலத்தாரின் விருந்துக் கலங்களையும் வாள்களையும் அக்கவிதையில் புகழ்ந்தார் என்றும் அரபு இலக்கிய வரலாற்று நூல்கள் கூறும். நாபிகாவின் திறனாய்வு வியப்புக்குரியது. கலங்களுக்குக் கவிஞர் கையாண்ட பன்மை வடிவம் சிறு தொகையைக் குறிப்பது. பெருமை பேச வந்தவர் தம் கலங்களைத் தாமே குறைத்துக்கொண்டார். கலங்கள் முற்பகலில் மின்னுவதாகச் சொன்னார். விருந்தினர் நாடி வருவதோ இரவில். வாள்களிலிருந்து குருதி சொட்டுவதாகச் சொன்னார். வீரத்திற்கு ஏற்றது பெருகி ஓடுதல் அன்றோ?

இந்நிகழ்ச்சி பல வடிவங்களில் சொல்லப்படுகிறது. திறனாய்வைக் கன்ஸாவே செய்தார் என்று உரைப்போரும் உளர். எவ்வடிவத்தில் கொண்டாலும் நாம் கருத வேண்டியது ஒன்று: அவையில் இருந்தவர் ஒரு சொல்லின் பன்மை வடிவத்தைக்கூடக் கவனித்துக் கேட்டார், கேட்டதைக் கவிஞரின் முகத்துக்கு நேரே சொன்னார். அக்கவிஞர் அதனால் அழிந்துவிடவில்லை. பின்னாளில் மதீனாவின் இறையில்லத்தில், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கவிதை பாடுவதற்கென மேடை அமைத்துக் கொடுத்தது அதே ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்கே.

புகழ்ச்சிக்கும் நம் முன்னோர் எல்லை வகுத்திருந்தனர். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களின் கவிதையைக் கேட்டுப் பெருமானார் (ஸல்) தம் மேலாடையையே போர்த்தினார்கள் என்ற வரலாற்றை நம் மேடைகள் விரும்பி எடுத்துரைக்கின்றன. அந்தக் கஅபின் தந்தை ஸுஹைரைக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஏன் உயர்ந்த கவிஞராகக் கருதினார்கள் என்பதை அதே அளவுக்கு எடுத்துரைப்பதில்லை. ஸுஹைர் சொற்களைச் சிக்கலாக்க மாட்டார். ஒரு மனிதரிடம் உண்மையாக உள்ளதைக் கொண்டன்றி அவரைப் புகழ மாட்டார் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் அடங்கும். செய்யாததைச் சொல்லும் கவிஞர்களைத் திருமறை கண்டிப்பதும் (26:224-227), நம்பிக்கையும் நற்செயலும் உடையோருக்கு அங்கேயே விலக்களிப்பதும் நாம் அறிந்தவையே. இவ்வளவுகோல்களை நம் கவியரங்கின் வரவேற்புப் பாக்களுக்குப் பொருத்திப் பார்த்தால் எத்தனை தேறும்?

இம்மாநகருக்கும் இத்தகைய மரபு உண்டு. கர்நாடக நவாபுகளுள் இறுதியானவரும் 1855-இல் மறைந்தவருமான குலாம் கவ்ஸ் கான் 'அஃழம்' என்னும் புனைபெயரில் கவிதை இயற்றியவர். அவருடைய ஆதரவில் சென்னையில் முஷாயிராக்கள் நடந்தன. கவிஞர்களைப் பற்றிய தஸ்கிராக்களை அவரே பார்சி மொழியில் தொகுத்தார். முஷாயிராவின் ஒழுங்கு நாம் ஊன்றி நோக்கத்தக்கது. முன்னதாக ஒரு வரி கொடுக்கப்பட்டு, அதன் சந்தத்திலும் இயைபிலும் அனைவரும் கவிதை இயற்றி வருவது அதன் ஒரு வகை. ஒரே அளவுகோலில் பலர் அளக்கப்படுவதால், உயர்வும் தாழ்வும் அவைக்குத் தாமே புலப்படும். இளையோர் முதலிலும் மூத்தோர் இறுதியிலும் படிப்பர். பிடித்த வரியை 'முகர்ரர்' என்று கூறி மீண்டும் கேட்பர். பிடிக்காத வரிக்கு மௌனமே தீர்ப்பு. மௌனம் காக்கத் தெரிந்த அவையின் பாராட்டுக்கு மதிப்பு உண்டு. முஷாயிராவும் இன்று பல இடங்களில் குரலினிமைக்கும் அரங்க நடிப்புக்கும் இடம்கொடுத்துவிட்டது என்பது வேறு செய்தி.

தமிழ் மரபும் இதற்குக் குறைந்ததன்று. நூலை அவையோர் முன் படித்து, அவர்தம் ஐயங்களுக்கு விடை கூறி, ஏற்பைப் பெறுவதே அரங்கேற்றம். சீறாப்புராணத்தைக் கூடியிருந்து படித்து உரை கேட்ட நம் ஊர்களில், எழுத்தறியாதவர்களும் செய்யுளின் ஓசை பிறழ்ந்தால் உணரும் செவியைப் பெற்றிருந்தனர். கேட்டுக் கேட்டுப் பண்பட்ட செவி அது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கவியரங்கம் பொதுமக்களுக்குரியது, புலவர் அவையின் கண்டிப்பை அங்கே புகுத்தினால் வருகின்ற கூட்டமும் கலைந்துவிடும் என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஏட்டைத் தொடாத பல்லாயிரவரைக் கவிதையின்பால் ஈர்த்தது மேடையே. ஆனால் மக்கள் மேடைக்கு ஏற்பத் தரத்தைத் தாழ்த்த வேண்டியதில்லை என்பதை நம்மிடையே வாழ்ந்த இருவர் மெய்ப்பித்துள்ளனர். 2017-இல் மறைந்த கவிக்கோ அப்துல் ரகுமான், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். கவியரங்கில் பேரவையை ஈர்த்தவர். கஸலையும் ஹைக்கூவையும் தமிழில் வேரூன்றச் செய்ய முயன்றவர். மேடையில் வென்ற அவரே அச்சிலும் நின்றார். 'ஆலாபனை' 1999-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 2016-இல் மறைந்த இன்குலாப், கீழக்கரையில் பிறந்து சென்னைப் புதுக்கல்லூரியில் பணியாற்றியவர். அவருடைய 'மனுசங்கடா' பாடல் மேடைதோறும் ஒலித்தது. அதில் புரவலர் புகழ்ச்சி இல்லை, ஒடுக்கப்பட்டோரின் சினமே இருந்தது. மக்கள் அதைப் புரிந்துகொண்டனர்.

இன்று இழப்புக்குள்ளாவோர் யாவர்? முதலாவதாக, எழுதத் தொடங்கும் இளைஞர். முதல் கவிதைக்கே பொன்னாடை பெறுபவருக்கு, இரண்டாவது கவிதையை மேம்படுத்த வேண்டிய தேவை தோன்றுவதில்லை. அவருடைய எந்த வரி பழுதுற்றது என்பதைச் சொல்வாரும் இல்லை. அடுத்து, பெண்கள். உகாழில் கன்ஸா ஆடவரோடு ஒப்ப நின்று பாடினார். அவருடைய கவிதை நாபிகாவின் தனிப் பாராட்டைப் பெற்றது. நம் விழாக்கள் பலவற்றிலோ பெண்கள் திரைக்கப்பால் அமர்ந்து கேட்பதோடு சரி. சமுதாயத்தின் செம்பாதி கேட்கவும் தீர்ப்புக் கூறவும் உரிமை பெறாத அரங்கை, முழுமையான அவை என்று எவ்வாறு கூறுவது?

பெருஞ்செலவு வேண்டும் திட்டம் எதையும் நாம் முன்வைக்கவில்லை. மாதம் ஒருமுறை, ஐம்பது பேர் அமரக்கூடிய சிறு கூடம் போதும். பாடுவோர் அறுவரைத் தாண்ட வேண்டாம். கவிதையின் படி முன்னதாகவே கேட்போர் கைக்கு வரட்டும். மாலையும் பொன்னாடையும் வரவேற்புப் பாக்களும் விலக்கப்படட்டும். ஒவ்வொரு கவிதைக்குப் பின்னும் கால்மணி நேரம் அவைக்குரியதாகட்டும்: இச்சொல் ஏன், இவ்வுவமை பொருந்துமா, இவ்வரி இல்லாவிடில் கவிதை குன்றுமா என்று மரியாதை குன்றாமல் வினவட்டும். ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் திருவல்லிக்கேணியின் உருதுக் கவிஞரும் தமிழ்க் கவிஞரும் ஒரே கூடத்தில் மொழிபெயர்ப்போடு ஒருவரையொருவர் கேட்கட்டும். மகளிர் பாடவும் வினவவும் வழி அமையட்டும். தொடக்கத்தில் கூட்டம் குறையும். சிலர் மனம் வருந்தவும் கூடும். அதைப் பொறுத்துக்கொள்ளும் துணிவு அமைப்பாளர்களுக்கு வேண்டும். எஞ்சியிருக்கும் இருபது பேர் கவனித்துக் கேட்பார்களாயின், அடுத்து எழுதப்படும் கவிதை அவர்களை மனத்திற்கொண்டே எழுதப்படும்.