தட்டிக்குப் பின்னால் நின்றவன்

அமெரிக்க எழுத்தாளர் எல். ஃபிராங்க் பாம் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓஸ் நாட்டு மந்திரவாதியின் கதைக்கு ஒரு காட்சியே உயிர்நாடி. டோரதி என்னும் சிறுமியின் நாய்க்குட்டி ஒரு தட்டியைத் தள்ளிவிடுகிறது. நாடே நடுங்கிய மாமந்திரவாதி, வழுக்கைத் தலையும் சுருங்கிய முகமுமாய், வெறுங்கிழவனாகக் கூசி நிற்கின்றான். மரகத நகரின் பசுமைகூட, மக்களின் கண்களில் அவன் பூட்டிவைத்த பச்சைக் கண்ணாடியின் மாயமே என்பதும் அம்பலமாகின்றது. பொய்யை வெளிப்படுத்த ஒரு குழந்தை போதும் என்னும் துணிவு அந்நூலுக்கு இருந்தது. ஜூடி கார்லண்ட் நடித்த 1939ஆம் ஆண்டுத் திரைப்படம் கண்ணாடியை விட்டது, அக்காட்சியை விடவில்லை.

2013இல் டிஸ்னி நிறுவனத்தார் 20 கோடி டாலருக்கும் மேல் கொட்டி, சாம் ரைமியின் இயக்கத்தில், அம்மந்திரவாதியின் முற்கதையைப் படமாக்கினர். கறுப்பு வெள்ளையில் குறுகிய சட்டத்துக்குள் தொடங்கும் படம், ஓஸ் நாடு வந்ததும் அகன்று வண்ணம் பூணும் எழிலைப் பாராட்டாமலிருக்க இயலாது. கால் நொறுங்கிய பீங்கான் சிறுமிக்கு அவன் பசையிட்டுக் காலை ஒட்டும் இடம் நெஞ்சைத் தொடுகின்றது. அந்த ஈரம் படம் நெடுகிலும் இருந்திருக்கலாகாதா!

நல்லுள்ளம் படைத்த தியோடரா அவனுடைய காதல் மொழிகளை நம்புகின்றாள். நம்பிக்கை சிதைந்த வேளையில், உடன்பிறந்தவளின் சூழ்ச்சியால் மந்திர ஆப்பிளைக் கடித்துக் கொடியவளாகின்றாள். மூல நூலின் சூனியக்காரி, எந்த ஆடவனும் கைவிட்டதால் தீயவளானவள் அல்லள். பெண்ணின் சினத்துக்கு ஆணின் புறக்கணிப்பையன்றி வேறு காரணம் இவர்களுக்குக் கிட்டவில்லை போலும்! இறுதியில், புகையின்மேல் ஒளியால் வீழ்த்திய தன் பேருருவின் வாயிலாக அவளுக்குக் கருணை காட்டுகின்றான் நாயகன். தான் செய்த வஞ்சனையை ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் புகை முகத்தை மெய்யென்று நம்பி மக்கள் ஆரவாரிக்கின்றனர். மூலத்தில் அவனுக்கு வெட்கமாக இருந்தது இங்கே வெற்றி வாகையாகிவிட்டது. சில தோழர்கள் மட்டும் உண்மையை அறிந்து மௌனம் காக்கின்றனர். குடும்பத்தோடு பார்த்த பிள்ளைகள், "மக்களிடம் உண்மையைச் சொன்னால் என்ன?" என்று கேட்டால் படத்தில் விடையில்லை.

முற்கதைக்குப் பாமே வித்திட்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை. 1904இல் வந்த அவருடைய இரண்டாம் ஓஸ் நூலில், இம்மந்திரவாதி முன்னரசனின் அரியணையைக் கவர்ந்தவன். அரசுக்கு உரிய பெண்குழந்தையை ஒரு கிழச் சூனியக்காரியிடம் ஒளித்துவைக்கக் கொடுத்தவன். பின்னாளில் பாம் இக்குற்றத்தைத் தணித்தெழுதினார் என்பதும் உண்மையே. ஆயினும், எத்துணைக் கனமான கதைக்கரு அது! படத்திலோ முன்னரசனின் மகள் கிளின்டா. அவளே முன்வந்து அவனை அரசனாக ஏற்றுக்கொள்கின்றாள்.