என்எஸ்எக்ஸ் சூப்பர்கார் இல்லையா?

தொண்ணூறுகளில் ட்ரம்ப் கார்டு ஆடியவர்களுக்கு இந்தத் தகராறு எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்திருக்கும். மல்யுத்த வீரர்களுக்கு ஒரு கட்டு இருந்த மாதிரி கார்களுக்கும் ஒரு கட்டு இருந்தது. சீட்டில் கார் படம், கீழே அதிகபட்ச வேகம், ஹார்ஸ்பவர், சிலிண்டர் எண்ணிக்கை. எதிராளி "ஹார்ஸ்பவர்" என்று சொல்லி இறக்குவான். நம்மிடம் கம்மியாக இருந்தால் சீட்டு போச்சு. எனக்கு ஹோண்டா என்எஸ்எக்ஸ் வந்தாலே எரிச்சலாக இருக்கும். ஆறே சிலிண்டர், மூணே லிட்டர். எதைச் சொல்லி இறக்கினாலும் தோற்கும்.

இத்தனை வருஷம் கழித்து, ஸ்போர்ட்ஸ் காருக்கும் சூப்பர்காருக்கும் கோடு எங்கே என்று எழுதுகிறவர்களைப் படித்தால், பெரும்பாலும் அதே சீட்டாட்டம்தான். இவ்வளவு குதிரைத்திறன் வேண்டும், நூறு கிலோமீட்டரை இத்தனை விநாடிக்குள் தொட வேண்டும், விலை இவ்வளவுக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறார்கள். எண்கள் நிற்கும் இடத்திலேயே நின்றால் இந்த முறை செல்லும். நிற்பதில்லையே!

1966-ல் ஜெனீவா கண்காட்சியில் லம்போர்கினி மியூரா வந்தபோது அதன் நான்கு லிட்டர் வி12 எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட சக்தி 350 குதிரை. இன்று ஹூண்டாய் விற்கும் ஐயோனிக் 5 என் என்ற ஐந்து கதவு மின்சாரக் காரில் 650 குதிரை. நூறைத் தொட 3.4 விநாடி. பின்னால் குழந்தைகள், டிக்கியில் காய்கறிப் பை. எண்தான் அளவுகோல் என்றால் இதுவே சூப்பர்கார், மியூரா வெறும் பழைய வண்டி. யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அப்போ எண் அளவுகோல் இல்லை என்று நமக்கே உள்ளுக்குள் தெரியும். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் கை எண்ணுக்குத்தான் போகிறது.

அபூர்வம்தான் அளவுகோல் என்கிற கட்சியும் உண்டு. ஃபெராரி எஃப்40-ஐ முதலில் 400 கார்கள் கட்டுவதாகத்தான் திட்டம். கேட்டு வந்தவர்கள் அதிகமாக, கடைசியில் 1,300-ஐத் தாண்டியது. நானூறாவது கார் சூப்பர்கார், ஆயிரமாவது கார் வெறும் ஸ்போர்ட்ஸ் காரா? எத்தனை கட்டுவது என்பது விற்பனைக்காரர்கள் எடுக்கிற முடிவு. (அந்தச் சொல்லே ரொம்பக் கறாரான சொல் இல்லை. அறுபதுகளின் அமெரிக்காவில் பெரிய எஞ்சின் திணித்த சாதாரண இரண்டு கதவுக் கார்களையும் சூப்பர்கார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தனிக் கதை.)

சரி, மியூராவுக்கே திரும்புவோம். அதில் என்னதான் நடந்தது?

ஜியான் பாவ்லோ தல்லாரா, பாவ்லோ ஸ்டான்சானி என்ற இரண்டு இளம் பொறியாளர்கள், சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ். பந்தயக் கார்களில் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, சாலைக் காரிலும் அதையே செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் நீளமானது. இருக்கைக்குப் பின்னால் நெடுக்காக வைத்தால் கார் ரொம்ப நீண்டுவிடும். அதனால் குறுக்காகத் திருப்பினார்கள். அப்போதும் கியர்பாக்ஸுக்கு இடம் போதவில்லை. எஞ்சினோடு ஒரே வார்ப்பில் சேர்த்து, இரண்டுக்கும் ஒரே எண்ணெய் ஓடும்படி செய்தார்கள். 1965 நவம்பரில் டூரின் கண்காட்சியில் மேல்கூடு இல்லாமல் வெறும் சேஸிஸை வைத்தார்கள். பெர்ட்டோனே நிறுவனத்தில் மார்செல்லோ கந்தினி வரைந்த உடம்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் எஞ்சினின் இடம். மற்றதெல்லாம் அதற்கு வளைந்து கொடுத்தது. இதுதான் என் அளவுகோல். சாதாரண ஸ்போர்ட்ஸ் காரில் எல்லாத் தரப்பும் முதல் நாளே மேசையில் உட்கார்ந்துவிடும்: விலை, டிக்கி, ஏற்கெனவே தொழிற்சாலையில் இருக்கும் பாகங்கள். சூப்பர்காரில் ஒரே ஒரு விஷயம் மட்டும் முதலில் உட்காரும். மற்றவை பின்னால் வந்து, கிடைத்த இடத்தில் ஒடுங்கிக்கொள்ளும். இந்தக் கார் எதிலிருந்து தொடங்கியது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். எஃப்40 எடையிலிருந்து தொடங்கியது. உள்ளே கதவைத் திறக்க ஒரு கம்பி, தரைவிரிப்பு கிடையாது. மெக்லாரன் எஃப்1 நடுவில் வைத்த ஓட்டுநர் இருக்கையிலிருந்து தொடங்கியது. புகாட்டி வேய்ரான் ஒரு எண்ணிலிருந்து தொடங்கியது: ஆயிரம் குதிரை, நானூறு கிலோமீட்டர். நான் மனசில்லாமல்தான் அதை உள்ளே விடுகிறேன். அந்தச் சூட்டைத் தணிக்கப் பத்து ரேடியேட்டர் வைத்தவர்களின் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது ட்ரம்ப் கார்டுக்காகவே பிறந்த கார்.

இங்கேதான் ஒரு குழப்பம் புகுந்தது. மியூராவில் மண்டைக்குப் பின்னால் எஞ்சின் அலறும், உள்ளே வெந்துபோகும். பெட்ரோல் டாங்கி முன்பக்கம் இருந்ததால், காலியாகக் காலியாக அதிவேகத்தில் மூக்கு மேலே தூக்கும். அடுத்து வந்த கவுன்டாக்கில் பின்னால் ஒன்றும் தெரியாது. ரிவர்ஸ் எடுக்கக் கதவைத் தூக்கிவிட்டு விளிம்பில் உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பார்கள். இதெல்லாம் ஒன்றை முதலில் வைத்ததால் வந்த சேதாரம். நாளடைவில் சேதாரத்தையே தங்கம் என்று நம்ப ஆரம்பித்துவிட்டோம். கஷ்டப்படுத்தாத கார் சூப்பர்கார் இல்லை என்றாகிவிட்டது. என்எஸ்எக்ஸ் அடிபட்டது இந்த நம்பிக்கையால்தான் என்பது என் கட்சி.

1990-ல் விற்பனைக்கு வந்த அந்தக் காரை என் அளவுகோலில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் நடுவில். சுமக்கும் கூடு முழுக்க அலுமினியம். எண்ணிக்கையில் விற்பதற்காக அப்படி ஒரு காரை அதுவரை யாரும் கட்டியதில்லை. அலுமினியத்தை வெல்டிங் செய்வது எஃகை வெல்டிங் செய்வது மாதிரி இல்லை என்பதால் அதற்கென்றே தனித் தொழிற்சாலை அமைத்தார்கள். எஞ்சினுக்குள் டைட்டானியம் கனெக்டிங் ராடு. சுஸுகாவில் ஓட்டிப் பார்த்த அயர்டன் சென்னா உடம்பு இன்னும் விறைப்பாக வேண்டும் என்று சொல்ல, அதற்காகத் திரும்ப வேலை செய்தார்கள். மலிவாகக் கார் செய்து பேர் வாங்கிய கம்பெனி, கணக்குப் பிள்ளையைக் கேட்டு இதில் ஒன்றையும் செய்திருக்க முடியாது.

எல்லாம் செய்துவிட்டு, பெரிய கண்ணாடி வைத்து நாலு பக்கமும் தெரிய விட்டார்கள். ஏசி வேலை செய்தது. க்ளட்ச் காலை உடைக்கவில்லை. தினமும் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். அதுதான் குற்றமாகிப்போச்சு. உயிரில்லாத கார், ஹோண்டா சின்னம் ஒட்டிய கார் என்றார்கள். ஒடுங்க வேண்டிய விஷயங்கள் ஒடுங்காமலே உட்கார்ந்திருந்ததால், முதலில் உட்கார்ந்தது எது என்று யாரும் பார்க்கவில்லை.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கார்டன் மர்ரே. அந்தக் கால வேகக் கார்களை ஓட்டி ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்எஸ்எக்ஸை ஓட்டினார். ஓட்ட வேண்டிய விதத்துக்கு இனி இதுதான் அளவுகோல் என்று முடிவு செய்ததாக அவரே பின்னால் எழுதினார். வருஷக்கணக்கில் ஒரு என்எஸ்எக்ஸை வைத்து ஓட்டவும் செய்தார். வேகத்தில் எஃப்1 எங்கேயோ போய்விட்டது. 1998-ல் அது தொட்டது மணிக்கு 386 கிலோமீட்டர், என்எஸ்எக்ஸ் சுமார் 270. ஆனால் அந்த எஃப்1-ல் மூன்று பேர் உட்காரலாம், பக்கவாட்டில் பெட்டி வைக்க இடம் உண்டு. சூப்பர்கார்களுக்கெல்லாம் சூப்பர்கார் என்று இன்றும் சொல்லப்படுகிற வண்டி, தன்னை ஓட்டுகிறவனைத் தண்டிக்கவில்லை.

என் அளவுகோலிலும் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. 1959-ன் மினியும் எஞ்சினைக் குறுக்கே திருப்பித்தான் தொடங்கியது. இரண்டு பேர் உட்கார வேண்டும், வேகத்துக்காகச் செய்திருக்க வேண்டும் என்று நான் வால் ஒட்டித்தான் அதை வெளியே தள்ள முடியும். போர்ஷே 911 டர்போ எந்தப் பக்கம் என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. போன வாரம் பழைய சீட்டுக்கட்டைப் பரணில் தேடினேன். பாதிக்கு மேல் காணோம். என்எஸ்எக்ஸ் சீட்டு மட்டும் ஓரம் மடங்காமல் புதுசாக இருந்தது, யாரும் அதை இறக்கி ஆடியதே இல்லையே.