உத்தியோகம் எழுதிய வமிசாவளி

மலாயா சென்ற யாழ்ப்பாணத்து மூதாதையரைத் தேடுவோருக்கு, எஸ். துரைராஜசிங்கம் மலேசிய, சிங்கப்பூர் இலங்கையர் பற்றி ஆங்கிலத்தில் தொகுத்த நூல் பெருந்துணை. 1867 முதல் 1967 வரையிலான நூறாண்டுக் கதை அது. தனியொருவர் இத்தனை பெயர்களைத் திரட்டியது அரும்பணியே, ஐயமில்லை. ஆயினும் அதன் ஏடுகளில் நடமாடுவோர் பெரும்பாலும் யார்? புகையிரதப் பகுதியினர், எழுதுவினைஞர், மருத்துவர். உத்தியோகமே வரலாற்றுக்குள் நுழையும் சீட்டாகிவிட்டது.

அந்தச் சீட்டுக்கு விலை ஆங்கிலக் கல்வி. சம ஆசனத்தை எதிர்த்து 1930ஐ ஒட்டிப் பள்ளிக்கூடங்களையே கொளுத்திய சமூகத்தில், ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு அக்கல்வி எவ்வளவு எட்டியிருக்கும்?

பெண்களின் கதை வேறு. தந்தை பெயரை முன்னிட்டு எழுதும் நம் வழக்கில் தாயும் பாட்டியும் மறைகிறார்கள். ஆனால் தேசவழமைப்படி மகளுக்கு எழுதிய சீதன உறுதிகளில் அவர்கள் இருக்கிறார்கள். எல்லைக் காணிக்காரர் பெயர்களோடு இருக்கிறார்கள். மலாயாப் பணத்தில் வாங்கிய காணிகளும் அவற்றில் உண்டு. வமிசம் தேடுவோர் பதவிப் பட்டியலோடு நின்றுவிடாமல் இந்த நொத்தாரிசு உறுதிகளையும் புரட்டவேண்டும். உத்தியோகமும் காணியும் இல்லாத குடும்பத்துப் பேரனோ இரண்டிலும் தன்னவரைக் காணமாட்டான். அவனுக்கு எஞ்சியிருப்பது கிழவியரின் வாய்மொழி மட்டுமே.